அந்தப் பாட்டை அழித்துவிடாதீர்கள்

இருபத்தொன்பது வயதில் விடைபெறுகிறவள் என்ன பெரிய அனுபவத்தைக் கொட்டிவிடப் போகிறாள் என்று நீங்கள் இரண்டு பேரும் சிரிப்பது இங்கே கேட்கிறது. சிரியுங்கள். அடுத்த வாரம் நான் சென்னையில் வேறு வேலையில் இருப்பேன், நீங்கள் என் நாற்காலியில் இருப்பீர்கள். அதன் இடது கைப்பிடி ஆடும், சாய்ந்துவிடாதீர்கள்.

"நித்யா, போறதுக்கு முன்னாடி புதுசா வந்தவங்களுக்கு எழுதிக் குடுத்துட்டுப் போ. நீ வாயால சொன்னா உன் வேகத்துக்கு ஒருத்தனுக்கும் புரியாது" என்று நம் கடைக்காரர் பாய் சொன்னார். அதனால் எழுதுகிறேன்.

எந்த மென்பொருளைத் திறப்பது, எந்தப் பொத்தானை அமுக்குவது, கீறல் விழுந்த டிஸ்கை எதனால் துடைப்பது, இதெல்லாம் இதில் இருக்காது. யூடியூபில் ஒருவன் என்னைவிட நன்றாகச் சொல்கிறான். அவன் சொல்லாத ஒன்றைத்தான் சொல்லப் போகிறேன்.

நம் வீடியோ கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் பழைய டிவிடியைக் கையில் வைத்துக்கொண்டு, "இதுல இருக்கற பேச்ச மட்டும் போன்ல ஏத்திக் குடு" என்று கேட்பவர்கள். அவசரத்தில் எம்பி3 ஆக்கிக் கொடுத்துவிடத் தோன்றும். சின்ன ஃபைல், வாட்ஸ்அப்பில் சட்டென்று போகும், அவர்களும் சந்தோஷமாகப் போவார்கள். செய்யாதீர்கள். டிஸ்கில் ஒலி எப்படி இருக்கிறதோ அப்படியே, ஒரு பொட்டு குறையாமல் முதலில் வெளியே எடுத்து வையுங்கள். பிறகு அவர்கள் கேட்டபடி என்ன வேண்டுமானாலும் ஆக்கிக் கொடுங்கள். எம்பி3 என்பது, காதுக்குத் தேவைப்படாது என்று ஒரு கணக்கு எதையெல்லாம் நினைக்கிறதோ அதையெல்லாம் தூக்கி எறிந்துவிட்டு மிச்சத்தைத் தருவது. எது தேவைப்படாது என்று அந்தக் கணக்குக்கு எப்படித் தெரியும்? நமக்கே தெரியாது.

சங்கராபுரத்துக்காரர் ஒருவர் மகளின் மஞ்சள் நீராட்டு டிஸ்கைக் கொண்டுவந்தார். வீடியோ முழுக்க நாய் குரைக்கிறது, அதை எடுத்துவிடு என்றார். எடுத்துக் கொடுத்தேன். கொஞ்ச நாளில் திரும்பி வந்தார். "நாய் லாரில அடிபட்டுப் போச்சும்மா. அது கொலச்சது இருந்தா திருப்பிப் போட்டுக் குடேன்." மூலத்தை அப்படியே வைத்திருந்ததால் நாய் திரும்பக் கிடைத்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டே போனார்.

அது சிரிக்கக்கூடிய கதை. இனிமேல் வருவது அப்படி இல்லை. பெயர்களை மாற்றியிருக்கிறேன்.

மரவள்ளிக்கிழங்கு லாரி போகிற ரோட்டில் ஒரு ஜவ்வரிசி ஆலை. எந்த ஆலை என்று கேட்காதீர்கள். அங்கே வருஷா வருஷம் ஆயுத பூஜையைப் பாய்தான் வீடியோ எடுப்பார். ஊரே போனில் பார்க்கிற காலத்திலும் அந்த முதலாளிக்கு டிஸ்க்தான் வேண்டும். அட்டையில் அவர் போட்டோ போட்டு, ஒவ்வொரு வருஷத்து டிஸ்கையும் ஆபீஸ் ஷோகேஸில் வரிசையாக அடுக்கி வைத்திருக்கிறார். நம் கடையிலும் ஒவ்வொன்றிலும் ஒரு பிரதி இருக்கும்.

பூஜை வீடியோவுக்கென்று பாயிடம் ஒரே ஒரு பாட்டுதான். யாரோ ஒரு பஜனைக் குழு பாடியது. மூக்கால் பாடுகிற ஒரு அம்மாள், பின்னால் ஜால்ரா. லாரி ஷெட், ரைஸ் மில், லேத் பட்டறை, எந்தப் பூஜையாக இருந்தாலும் முதல் பூசணிக்காயிலிருந்து கடைசி ஆரத்தி வரை அந்த அம்மாள்தான். நேரில் கேட்ட சத்தத்தைப் பாய் முழுதாக மூடவும் மாட்டார். பாட்டுக்கு அடியில் கம்மியாக விட்டு வைப்பார். "வெடிச் சத்தம் லேசா கேட்டாத்தான் கலகலன்னு இருக்கும்" என்பார். அவர் டிஸ்க் அடிக்கிற புரோகிராம் அரதப் பழசு. அது ஒலியைச் சுருக்காமல் அப்படியே டிஸ்கில் எழுதிவிடும். அது அவருக்கே தெரியாது.

கருணாபுரத்துக் கள்ளச்சாராயச் சாவுகள் நடந்த வருஷத்து ஆயுத பூஜை முடிந்து, பொங்கலும் போன பிறகு ஒரு நாள் இரண்டு பேர் கடைக்கு வந்தார்கள். பெரியவருக்கு நாற்பது வயதிருக்கும். வலது கையைத் துண்டால் மூடியிருந்தார். கூட ஒரு இளைஞன்.

"பாய் கீறாராம்மா?"

"சாப்பிடப் போயிருக்கார். என்ன வேணும்னு சொல்லுங்க, நான் பாக்கறேன்."

"அவரு எடுத்த வீடியோல எங்கையி கீது. அத்தப் பாக்கணும்."

எனக்குப் புரியவில்லை. "எந்தக் கல்யாணம்ணா?" என்றேன்.

"மிஷினுக்கும் எனக்கும் நடந்த கல்யாணம்மா" என்று சொல்லித் துண்டை விலக்கினார். மணிக்கட்டோடு கை முடிந்திருந்தது.

"மாமா, சும்மா இரு" என்று இளைஞன் துண்டை இழுத்து மூடினான்.

அவர் பெயர் அண்ணாமலை. கல்வராயன் மலையில் வெள்ளிமலைக்கு மேலே ஒரு ஊர். இளைஞன் கோவிந்தன், அவர் மனைவியின் தம்பி. இரண்டு பேரும் அந்த ஆலையில்தான் வேலை. பூஜையன்று கிழங்கு அரைக்கிற புது மிஷினுக்கு மாலை போட்டிருந்தார்கள். மிஷினைப் போடப் போகிற நேரத்தில் மாலை அறுந்து அரவை வாய்க்குள் விழுந்துவிட்டது. பூஜை மாலை அரைபட்டால் ஆகாதென்று இவர் அதை எடுக்கக் கையை விட்டிருக்கிறார். மிஷின் ஓடிவிட்டது.

"முதலாளி இன்னா சொல்றாருன்னா, மூணு தபா விசில் அடிச்சோம், இவன் குடிச்சிட்டு வந்து கைய வுட்டுட்டான்றாரு. ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போனதே அவரு ஆளுங்கதான். அவங்க சொன்னத டாக்டரு எழுதிக்கினாரு. திங்கக்கிழமை லேபர் ஆபீசுல விசாரணை. அன்னிக்கு நான் குடிக்கலன்னு காட்டலன்னா அவ்ளோதான், நஷ்டஈடும் இல்ல, பேரும் இல்ல."

"சாராய வாடையே ஆவாது எங்க மாமாவுக்கு" என்றான் கோவிந்தன்.

"மலை ஆளுன்னா சாராயம்னு நெத்தியிலயே எழுதி ஒட்டிட்டாங்கம்மா. கருணாபுரத்துல அத்தினி பேரு செத்தப்பறம் பஸ்ல பக்கத்துல ஒக்காந்தாக்கூட மோந்து பாக்கறானுங்க." அவர் கவுண்டரில் சாய்ந்தார். "நான் கத்துனேன். 'இருங்க, மாலை உள்ள பூந்துகிச்சு'ன்னு கத்துனேன். பாயி கேமராவ வச்சிக்கினு அங்கதான் நின்னாரு. அதுல இருக்கும். குடிச்சவன் பேசற பேச்சா அதுன்னு கேட்டா தெரிஞ்சுடும்."

அதற்குள் பாய் வந்துவிட்டார். அண்ணாமலையைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார்.

"கார்டு அழிச்சாச்சு அண்ணாமலை. மறுநாள் ஒரு கிரகப்பிரவேசம். டிஸ்க் இருக்குது, ஆனா அதுல பாட்டு."

டிஸ்கைப் போட்டுக் காட்டினார். முதலாளியின் மனைவி ஆரத்தி சுற்றுகிறார். மஞ்சள் சட்டைகள் நடமாடுகின்றன. பூசணிக்காய் சிதறுகிறது. மிஷின் ஓடத் தொடங்குகிறது. அங்கே பாய் வெட்டியிருந்தார். எல்லாவற்றின் மேலும் அந்த அம்மாளின் மூக்குக் குரல். அண்ணாமலை திரையைப் பார்க்கவில்லை, தலையைச் சாய்த்து ஸ்பீக்கர் பக்கம் காதை வைத்திருந்தார்.

"எங்குரலு எங்க பாய்?"

"அடியில இருக்குது. பாட்டுக்கு அடியில."

என்னால் சும்மா இருக்க முடியவில்லை. "நான் பாட்டை எடுத்துடுவேண்ணா!" என்றேன்.

"இன்ஜினியரம்மா, கொஞ்சம் வாய மூடு" என்றார் பாய். அவர்கள் இருவரையும் எதிர்க்கடைக்கு டீ குடிக்க அனுப்பிவிட்டு என் பக்கம் திரும்பினார். "அந்த முதலாளி வூட்டுக் கல்யாணம், அவரு சொந்தக்காரங்க வூட்டுக் கல்யாணம் எல்லாம் நம்மகிட்டதான் வருது. நாளைக்கு இந்த விஷயம் தெரிஞ்சா கடைய மூடிக்கினு நான் எங்க போறது?"

"நீங்க பக்கத்துலதான நின்னீங்க பாய்? அவர் கத்தினது காதுல விழலையா?"

கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் ஸ்டூலில் உட்கார்ந்து கேமராப் பையின் ஜிப்பைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார். "பாட்டு போடப் போறோம்னு தெரிஞ்சு எடுக்கறவனுக்குக் காது எதுக்கு நித்யா? கண்ணு மட்டும் போதும். நான் முதலாளியம்மா ஆரத்தித் தட்டப் பாத்துக்கினு இருந்தேன்."

இந்த வேலையில் நான் கேட்டதிலேயே பயமான வாக்கியம் இதுதான். நாமும் அப்படித்தான் வேலை செய்கிறோம். மேலே எதைப் போடப் போகிறோம் என்று முடிவான பிறகு, அடியில் இருப்பது நம் காதில் ஏறுவதில்லை.

கடைசியில் பாய் எழுந்தார். "எடு. ஆனா எடுத்தா எடுத்தபடி. அதுக்கு மேல நீ ஒண்ணும் பண்ணாத. அழகு பண்ணாத."

எப்படி எடுத்தேன் என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன், பின்னால் உங்களுக்கு வேண்டியிருக்கும். பாய் போட்ட அதே பாட்டு ஃபைல் நம் கம்ப்யூட்டரில் இருக்கிறது. அந்தப் பாட்டின் அலையைத் தலைகீழாக்கி, டிஸ்கில் உள்ள பாட்டின் மேல் இம்மி பிசகாமல் பொருத்தினால் இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிடும். பாட்டு இல்லாதது மட்டும் மிஞ்சும். இதற்கு இரண்டு பக்கமும் அச்சு அசலாக இருக்க வேண்டும். முதலில் கையில் இருந்த, டிஸ்க் ஒலியின் எம்பி3 பிரதியை வைத்துப் பார்த்தேன். யாரோ தண்ணீருக்குள் முங்கிக்கொண்டு பேசுவதுபோல் கொழகொழவென்று வந்தது. டிஸ்கிலிருந்து ஒலியைச் சுருக்காமல் அப்படியே எடுத்து, மறுபடி பொருத்தினேன். ஓடுகிற மின்விசிறியை நிறுத்தியதுபோல் அந்த அம்மாள் அடங்கிப் போனார். ஜால்ராவும் போயிற்று. அடியிலிருந்து வெடிச் சத்தமும் ஒரு மணியோசையும் மேலே வந்தன.

நான் மேற்கொண்டு கேட்கப் போனபோது பாய் ஸ்பீக்கரை அணைத்தார். "அவங்க வரட்டும். அவங்களுக்கு முன்னாடி நாம கேக்கக் கூடாது." அது சரியான முடிவா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. நாங்கள் முதலில் கேட்டிருந்தால் அண்ணாமலையைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். ஆனால் அப்போது, யாருக்கு எதைச் சொல்லலாம் என்று முடிவுசெய்கிற ஆட்களாக நாங்கள் ஆகியிருப்போம். உங்களுக்கு இப்படி ஒன்று வந்தால் நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் வரச் சொல்லியிருந்தபடி மறுநாள் மத்தியானம் இரண்டு பேரும் வந்தார்கள். பாய் ஷட்டரைப் பாதி இறக்கினார். அந்த நேரம் பார்த்து அவர் போன் அடித்தது. முதலாளி.

"ஆமாங்க, வந்தான்" என்றார் பாய். அண்ணாமலை அசையாமல் நின்றார். "பூஜை டிஸ்க்க கேட்டான், போட்டுக் காட்டினேன். பாட்டுதான் கேட்டுது, கேட்டுட்டுப் போனான்... இல்லீங்க, வேற ஒண்ணும் இல்லீங்க." போனை வைத்தார். உள்ளங்கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, "போடு" என்றார்.

போட்டேன்.

வெடியின் கடைசிப் படபடப்பு. பூஜை மணி. ஐயரின் முணுமுணுப்பு. "எமகண்டம் வந்துடப் போவுது, சீக்கிரம் ஆவட்டும்" என்று முதலாளியின் குரல். பூசணிக்காய் உடைகிற சத்தம், சில்லறை சிதறுகிற சத்தம், சிரிப்பு. விசில் இல்லை. அதற்குப் பின் தூரத்திலிருந்து, ஆனால் தெளிவாக:

"இருங்க, இருங்க. மாலை உள்ள பூந்துகிச்சு. எடுத்துக்கறேன்."

அண்ணாமலை கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டினார். அவர் உதடுகளும் அதையே சொன்னதைப் பார்த்தேன். நிதானமான குரல். குழறல் இல்லை. நான் ஜெயித்துவிட்டதுபோல் பாயைப் பார்த்தேன். ஒலி இன்னும் மிச்சமிருக்கிறது என்று யோசிக்கக்கூட நேரமில்லை.

"வந்துட்டானாப்பா அவன்? நேரம் போவுது பாரு" என்றார் முதலாளி.

அடுத்த குரல் கேமராவுக்கு மிகப் பக்கத்தில், ஸ்பீக்கரே அதிர்கிறதுபோல் வந்தது.

"மாமா வெளிய வந்துட்டாருங்க. போடலாம்."

மோட்டாரின் உறுமல் ஏறியது. பாய் வெட்டிய இடத்தில் நின்றது.

யார் குரல் என்று யாரும் யாரையும் கேட்கவில்லை.

"அது நான் இல்ல" என்றான் கோவிந்தன்.

"இன்னொரு தபா போடும்மா" என்றார் அண்ணாமலை.

மறுபடி போட்டேன். மோட்டார் உறுமத் தொடங்கும்போது கோவிந்தன் சுவரில் முதுகு சரிய அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டான்.

"எல்லாம் ஒரே சட்ட மாமா. பூஜைக்கு முதலாளி குடுத்த மஞ்ச சட்ட. எல்லாரும் அதத்தான் போட்டுக்கினு இருந்தீங்க. முதுகுதான் தெரிஞ்சிது. ஒருத்தன் மிஷின வுட்டு வெளிய வந்தான். நீதான்னு நெனச்சேன்."

"யார்ரா அது?"

"ராசு."

"ராசு என்ன வுட குள்ளம்டா."

"இப்பத் தெரியுது மாமா."

வெளியே பஸ் ஹார்ன் ஒன்று நீளமாக அடித்து ஓய்ந்தது. அண்ணாமலை கீழே அவனைப் பார்த்துக்கொண்டே நின்றார். "ஏன்டா சொல்லல இத்தினி நாளா?"

"சொன்னனா இல்லியான்னே எனக்குத் தெரியல மாமா. வாயத் தொறந்தது நாபகம் வருது. சொன்னது நாபகம் வரல. அக்கா மொகத்தப் பாக்கும்போதெல்லாம், சொல்லியிருக்க மாட்டேன், சொல்லியிருக்க மாட்டேன்னு நெனச்சிக்கினேன். அதான் பாய் கடைக்குப் போலாம்னு உன்ன நானே இட்டுக்கினு வந்தேன். இதுல இல்லன்னா நான் சொல்லலன்னு அர்த்தம், இல்ல?"



அண்ணாமலை என் பக்கம் திரும்பினார். "அந்த ஒரு பேச்ச மட்டும் எடுத்துடுவியாம்மா?"

அவர் கேட்டு முடிக்கும் முன்பே எப்படி எடுப்பது என்று என் மூளைக்குள் ஓடிவிட்டது. வெட்டக்கூட வேண்டாம். அந்த இடத்தில் மட்டும் பாட்டைத் திருப்பி வைத்தால் போதும், அந்த அம்மாள் வந்து மூடிக்கொள்வார். கை மவுஸ் மேல் இருந்தது. செய்துவிட வேண்டும் என்றுதான் எனக்கும் இருந்தது. அவர் கையைப் பார்த்த யாருக்கும் அப்படித்தான் இருக்கும். பாய் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"முடியும்ணா" என்றேன். "ஆனா முதலாளிகிட்டயும் இதே டிஸ்க் இருக்குது. நாளைக்கு விசாரணையில நம்ம பாட்டையும் வாங்கி, நான் பண்ணினத வேற ஒருத்தன் பண்ணினா அந்தப் பேச்சு வெளிய வந்துடும். நாம ஒண்ண மறைச்சோம்னு தெரிஞ்சா நீங்க கத்தினதையும் நாமளே செஞ்சதுன்னுடுவாங்க. உங்க குரல் நெசம்னு நிக்கணும்னா உங்க மச்சான் குரலும் நிக்கணும்."

அவர் பாயைப் பார்த்தார். "முழுசாக் குடுத்தா இன்னா ஆவும் பாய்?"

பாய் தயங்கினார். "உம்பேரு சுத்தமாவும். விசில் அடிக்கலன்னும் தெரிஞ்சிடும். ஆனா முதலாளி சும்மா இருக்க மாட்டாரு. உன் மச்சான்தான் போடச் சொன்னான்னு மொத்தத்தையும் இவன் தலையில கட்டப் பாப்பாரு. போலீஸ் வரைக்கும் இழுப்பாரு."

"குடு மாமா" என்றான் கோவிந்தன் தரையிலிருந்து. "நான் உள்ள போறேன். குடு."

"போய்ட்டு? உங்கக்காவுக்கு யாரு சோறு போடுவா? இந்தக் கையா?"

"ஒரு வக்கீலக் கேட்டுட்டு முடிவு பண்ணலாம்ணா" என்றேன். "கூட வேலை செய்யறவங்க தப்பு பண்ணினாலும் நஷ்டஈடு குடுத்துத்தான் ஆகணும்னு சொல்லுவாங்க. உங்க மச்சானுக்கு ஒண்ணும் ஆகாமப் போகலாம்."

"வக்கீலு சட்டத்தச் சொல்லுவாரும்மா. எம்பொண்டாட்டிக்கு யாரு சொல்லுவா? தெனமும் அவதான் சோத்தப் பெசஞ்சி ஊட்டி வுடறா. ஒவ்வொரு கவளத்துக்கும், போட்டது எவனோ அவன் கையி வெளங்காமப் போவட்டும்னு சாபம் வுடறா. அது அவ தம்பின்னு ஆபீசருங்க முன்னாடி அவ கேக்கணுமா?"

கோவிந்தன் முழங்காலுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டான். அண்ணாமலை ஷட்டருக்கு வெளியே தெரிந்த கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, கடையில் சாமான் வேண்டாம் என்று சொல்கிற குரலில், "அழிச்சிடும்மா" என்றார்.

நான் பாயைப் பார்த்தேன். "அவரு சொல்றத செய்" என்றார் பாய்.

பாட்டை நீக்கி எடுத்த ஃபைலை அண்ணாமலை கண்ணெதிரே அழித்தேன். கம்ப்யூட்டரின் குப்பைத் தொட்டியிலிருந்தும் அழித்தேன். அண்ணாமலை திரையைப் பார்த்துக்கொண்டே, "எங்குரலு மட்டும் குடுப்பியா? நான் கத்துனது மட்டும். வேற யாருக்கும் இல்ல. எனக்குத்தான்" என்றார்.

எடுத்தால் எடுத்தபடி என்று சொன்ன பாய் பக்கத்திலேயே நின்றார். இந்தத் தடவை அவரே தலையாட்டினார். நான் டிஸ்கை மறுபடி போட்டு, பாட்டை மறுபடி நீக்கி, "இருங்க" என்பதிலிருந்து "எடுத்துக்கறேன்" என்பது வரை ஒரு துண்டைச் சுருக்காமல் அவர் போனில் ஏற்றினேன். அவர் இடது கையால் போனைக் காதில் வைத்துக் கேட்டார். யாரோ தூரத்தில் இருக்கிற சொந்தக்காரரிடம் பேசுவதுபோல் கவனமாகக் கேட்டார்.

"ஏம்மா, குடிச்சவன் மாரியா இருக்குது?"

"இல்லண்ணா."

"சரி" என்றார். கோவிந்தனின் தோளை முழங்கையால் தட்டினார். "எழுந்திருடா. பஸ் போயிடப் போவுது."

திங்கட்கிழமை விசாரணையில் அண்ணாமலை எதையும் காட்டவில்லை. காட்டினால் மிச்சம் எங்கே என்று கேட்பார்கள் என்று அவருக்குத் தெரியும். குடித்திருந்தார், விசிலை மதிக்கவில்லை என்று முடிவாயிற்று. கோவிந்தன் ஆலையை விட்டுவிட்டு மூங்கில்துறைப்பட்டுப் பக்கம் கரும்பு வெட்டப் போகிறான், இரண்டு வீட்டுக்கும் அவன்தான் அரிசி வாங்கிப் போடுகிறான் என்று பின்னால் கேள்விப்பட்டோம். அவன் ஒரே ஒருமுறை கடைக்கு வந்தான். உள்ளே வரவில்லை. வாசலில் நின்று, "அந்த டிஸ்க்கு இருக்குதாக்கா?" என்றான். இருக்குது என்றேன். இருக்குதா என்று இன்னொரு முறை தனக்குள்ளேயே சொல்லிக்கொண்டு போய்விட்டான்.

பாய் அதற்கப்புறம் காதில் ஹெட்போன் மாட்டாமல் கேமராவைத் தொடுவதில்லை. பூஜை எடுத்துவிட்டு வந்தால் கார்டையும் உடனே அழிப்பதில்லை. ஏன் என்று நீங்கள் கேட்காதீர்கள், சொல்ல மாட்டார். பாட்டு மட்டும் அதே பாட்டுதான்.

இப்போது உங்களுக்கு. அந்த வருஷத்து டிஸ்க் எது என்று பாய் காட்டுவார். அதை மற்ற டிஸ்குகளோடு கலக்காதீர்கள், வெயில் படுகிற இடத்தில் வைக்காதீர்கள். முதலாளி வீட்டு ஆட்கள் வந்து கேட்டால் பாட்டோடு போட்டுக் கொடுங்கள், அவர்கள் வாங்கியது அதைத்தான். கோவிந்தன் தனியாக வந்தால் உட்காரச் சொல்லுங்கள், டீ வாங்கிக் கொடுங்கள், ஆனால் அண்ணாமலைக்குப் போன் போடாமல் எதையும் தொடாதீர்கள். அண்ணாமலை வந்தால், அல்லது அவர் மனைவியோடு வந்தால், பேச்சைக் குறைத்துவிட்டு வேலையைச் செய்யுங்கள். முழுதாக. அவர் எதுவரை கேட்கிறாரோ அதுவரை.

கம்ப்யூட்டரில் 'பூஜை' என்று ஒரு ஃபோல்டர் இருக்கும். அதில் அந்த அம்மாளின் பாட்டு இருக்கிறது. இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும். கேட்கச் சகிக்காது. நீங்கள் வந்த முதல் வாரத்திலேயே அதைத் தூக்கிவிட்டு நல்லதாக ஒன்றைப் போடலாம் என்று உங்களுக்குத் தோன்றும், எனக்கும் தோன்றியது. அழிக்காதீர்கள், எம்பி3 ஆக்கியும் வைக்காதீர்கள். அண்ணாமலையின் குரல் அந்தப் பாட்டுக்கு அடியில்தான் இன்னும் இருக்கிறது. அந்த ஃபைல் போய்விட்டால் அதை வெளியே கொண்டுவர வேறு வழியே இல்லை.